பெயர் அழைக்கும் நாள்

மறதி மனிதனுக்கு வாய்த்த பெரும்பேறு என்று கூறுவார் உளர். பட்ட துன்பமெல்லாம் நெஞ்சில் பசுமையாய் நின்றுவிடின் எவரும் வாழ்தல் இயலாது என்பது அவர்தம் கருத்து. அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும், நம்மோடு உண்டும் உழைத்தும், ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டு வணங்கியும் வாழ்ந்து மறைந்தவர்களை மறப்பதும் அத்தகைய பேறுதானா என்று வினவினால், விடை எளிதில் வருவதில்லை. நெடுங்காலமாக என் உள்ளத்தில் நான் சுமந்து திரியும் வினா இது. அதனை இங்கு வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதம் பிறந்தவுடன், கிறிஸ்தவத் திருச்சபையின் பல பிரிவுகளும் மறைந்த தம் உறுப்பினர்களை நினைவுகூர்கின்றன. கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். புல் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மலர் சார்த்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, குருவானவரின் ஆசீரை வேண்டி நிற்கின்றனர். பிரான்சு நாட்டின் குளூனி மடத் தலைவராயிருந்த ஓதிலோ என்பார் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களில் தொடங்கிவைத்த வழக்கம் அது. சீர்திருத்தச் சபையினர் அதற்கு முந்திய நாளாகிய சகல பரிசுத்தவான்களின் திருநாளையோ, அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையையோ இதற்கென ஒதுக்குவர். மெதடிஸ்து இயக்கத்தின் தந்தையாகிய ஜான் வெஸ்லிக்கு இத்திருநாள் மிகவும் உவப்பானது என்பதை அவருடைய நாட்குறிப்பு காட்டுகின்றது. செருமானிய லூத்தரன் மரபிலோ, பிரஷ்ய மன்னர் 1816-இல் இட்ட ஆணையின்படி, திருவருகைக் காலத்திற்கு முந்திய ஞாயிறு இறந்தோர் ஞாயிறாயிற்று. நாள் வேறுபடினும் நோக்கம் ஒன்றே.

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்திலும் அந்த வழக்கம் இருந்தது. மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து போதகர் வருவார். ஏனைய வாரங்களில் உபதேசியாரே ஆராதனை நடத்துவார். நவம்பர் மாத முதல் ஞாயிறன்று சபைப் பதிவேட்டிலிருந்து மறைந்தோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே ஆலய மணி ஒருமுறை ஒலிக்கும். பால் வெட்டிக் காய்த்துப்போன கைகள் மடியில் கோத்திருக்க, சபையார் தலைகுனிந்து அமர்ந்திருப்பர்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வருபவன். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைப்பதும், “உள்ளேன் ஐயா” என்ற மறுமொழி கேட்டு அடையாளமிடுவதும் ஆசிரியனுக்கு மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். ஒரு பெயருக்கு மறுமொழி வராவிடில், தலையை நிமிர்த்தி வெறுமையாய் இருக்கும் அவ்விருக்கையைப் பார்ப்பேன். “பிள்ளைக்குக் காய்ச்சலா? தாய்க்கு உடல்நலமில்லையா? பேருந்துக் கட்டணத்திற்குப் பணமில்லையா?” என்று எண்ணம் ஓடும். மறுமொழி வராத பெயர்தான் ஆசிரியனின் நெஞ்சில் அன்று முழுவதும் நிற்கும். ஆலயத்திலோ, அழைக்கப்படும் எந்தப் பெயருக்கும் மறுமொழி வருவதில்லை. அவ்வாறாயின் நாம் எதற்காக அழைக்கிறோம்? யாருக்காக அழைக்கிறோம்?

யாருக்காக?

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே இது கேட்கப்பட்டது. நோலா நகர ஆயராயிருந்த பவுலீனு என்பவர், தூயவர் ஒருவரின் நினைவாலயத்தின் அருகே அடக்கம் பண்ணப்படுவதால் இறந்தவனுக்கு நன்மை உண்டோ என்று புனித அகுஸ்தீனாரிடம் கேட்டெழுதினார். அதற்கு விடையாக 421-ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் ஒரு சிறு நூலே இயற்றினார். அடக்கத்தின் சிறப்பும் கல்லறையின் அழகும் இறந்தோருக்குச் செய்யும் உதவியைக் காட்டிலும் உயிரோடிருப்போருக்கு அளிக்கும் ஆறுதலே பெரிது என்பது அவர் கண்ட முடிவு. ஆயினும் உடலைப் புறக்கணிக்கலாம் என்று அவர் கூறவில்லை. தந்தையின் ஆடையையும் மோதிரத்தையும் மகன் போற்றி வைத்திருப்பான் எனின், அவற்றைவிட நெருக்கமாய் அவரோடு ஒன்றியிருந்த உடலை இகழ்தல் தகுமோ என்பது அவரது வாதம்.

இவ்வாறு அவர் எழுதியதற்குப் பின்னால் அவருடைய தாயின் மரணம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருடைய அன்னை மோனிக்கா ஆப்பிரிக்காவில் பிறந்தவர். தம் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் பண்ணப்பட வேண்டும் என்று நெடுநாள் விரும்பி, இடத்தையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தவர். ஆனால் 387-ஆம் ஆண்டில், மகனோடு தாயகம் திரும்பும் வழியில், இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்தில் நோயுற்றார். அப்போது அவர் தம் பழைய விருப்பத்தைக் கைவிட்டார். உடலை எங்கு வேண்டுமாயினும் அடக்கம் செய்யுங்கள், எங்கிருப்பினும் ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்பதே அவர் தம் மக்களிடம் வேண்டிக்கொண்டது.

இதனைப் படிக்குந்தோறும் நம் முன்னோர் என் கண்முன் வந்து நிற்கின்றனர். சில ஆண்டுகள் உழைத்துப் பொருளீட்டிப் பிறந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு கப்பலேறியவர்களே அவர்களுள் பெரும்பாலோர். ஊர்மண்ணில் கட்டை வேக வேண்டும் என்றோ, ஊர்க் கோயிலின் நிழலில் உறங்க வேண்டும் என்றோ அவர்கள் கண்ட கனவு இம்மண்ணிலேயே முடிந்தது. ஒஸ்தியாத் துறைமுகத்தில் ஆப்பிரிக்கத் தாயொருத்தி கற்றுக்கொண்ட பாடத்தை, நம் பாட்டன் பாட்டியர் இரப்பர் மரங்களுக்கிடையே கற்றுக்கொண்டனர்.

ஆகவே நினைவுகூர்தல் உயிரோடிருப்போருக்கு ஆறுதல் என்பது மெய்யே. அஃது இறந்தோருக்கும் பயன்படுமா என்பதில் திருச்சபையின் பிரிவுகள் ஒத்த கருத்துடையன அல்ல. மரித்த ஆன்மாக்களின் தூய்மைக்காக மன்றாடுதல் கடமை எனக் கத்தோலிக்கர் கொள்வர். அவர்தம் வாழ்வுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு சீர்திருத்தச் சபையினர் நிறுத்திக்கொள்வர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் போன்றோர் வேலையன்று. ஆனால் ஆறுதல் என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் இவ்வழக்கம் முழுமையாய் விளங்கிவிடுமா? ஆறுதல் பெற மறுத்த ஒருவரை நான் அறிவேன். அவர் என் தந்தையைப் பெற்ற தாய்.

காத்திருத்தலும் நம்பிக்கையும்

1943-ஆம் ஆண்டில் என் பாட்டனாரைச் சப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசென்றனர். அப்பொழுது என் தந்தைக்கு வயது ஆறு. அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் கட்டி முடிக்கப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் புண்ணும் பசியும் அவர்களைப் பதினாயிரக் கணக்கில் கொன்றன.

சயாமின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். செதுக்கிய புல்வெளியில் வரிசை வரிசையாய்க் கற்கள். பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கற்களைக் கண்டு நான் பொறாமை கொள்ளவில்லை. அந்த இளைஞர்களும் தாயின் பிள்ளைகளே. ஆனால் நம்மவர்க்கு அவ்வாறு ஒரு பெயர் வரிசை அமையவில்லை. எவன் எந்த முகாமில் இறந்தான், எந்தக் குழியில் புதைக்கப்பட்டான் என்று எழுதிவைக்க ஆளில்லை.

போர் 1945-இல் முடிந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர். என் பாட்டனார் வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. என் பாட்டி தம் தாலியைக் கழற்றவில்லை. ஒவ்வோராண்டும் பெயர்ப் பட்டியல் ஆயத்தமாகும்போது உபதேசியார் வந்து, “அண்ணன் பேரையும் சேர்த்துக்கலாமா, அக்கா?” என்று கேட்பார். “உயிரோட இருக்கிற மனுசன் பேரை எதுக்குச் செத்தவங்க கூட வாசிக்கிறது?” என்று பாட்டி மறுத்துவிடுவார். பிற்காலத்தில் என் தந்தை பட்டணத்தில் வீடு பார்த்து அழைத்தபோதும் அவர் வர இசையவில்லை. “அவுக வந்தா இந்த லயத்துக்குத்தானே வருவாக. நான் இல்லேன்னா யாரைப் போய்க் கேப்பாக?” என்பதே அவருடைய விடை. அந்த விடைக்கு முன் எங்கள் வாதமெல்லாம் ஓய்ந்துபோகும்.

அவரைப் பிடிவாதக்காரி என்றனர் சிலர். நம்பிக்கையின் வடிவம் என்று போற்றினர் சிலர். இளைஞனாயிருந்த நானும் இரண்டாவது கூட்டத்தையே சேர்ந்திருந்தேன். ஆனால் 1986-ஆம் ஆண்டின் நடுவில், நோய்ப்படுக்கையில் இருந்த பாட்டி என்னை அருகழைத்து, “இந்த வருசம் உன் தாத்தா பேரை வாசிக்கச் சொல்லு. என் பேருக்கு முன்னால அவுக பேரு வரணும்” என்றார். நான் திகைத்து, “அப்படின்னா தாத்தா வரமாட்டாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா, பாட்டி?” என்றேன். “அவுக இங்க வரவேண்டாம். நான்தான் போறேனே” என்றார். செப்டம்பர் மாதத்தில் அவர் மறைந்தார். நவம்பர் மாதத்தில், என் பதினேழாம் வயதில், உபதேசியார் என் கையில் பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தாத்தாவின் பெயருக்கு மணி ஒலித்தது. அடுத்துப் பாட்டியின் பெயர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் பிரிந்திருந்த அவ்விருவரின் பெயர்களுக்கிடையே அன்று ஒரு மணியோசை மட்டுமே இருந்தது.

பாட்டி நம்பிக்கையை இழந்துவிட்டாரா, அல்லது அன்றுதான் நம்பிக்கையை அடைந்தாரா என்ற கேள்வி என்னை நெடுநாள் விட்டபாடில்லை. இதற்கு விடை காணத் தமிழே எனக்குத் துணை செய்தது. அன்பின் மேன்மையைப் புகழும் திருமறைப் பகுதியில் நிலைத்து நிற்கும் மூன்றைப் பவுலடியார் எடுத்துரைப்பார். அவற்றை எங்கள் பழைய மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று பெயர்த்துள்ளது. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த ‘நம்பிக்கை’ பின்னதில் முதலிடத்திற்குச் சென்றுவிட, அதன் இடத்தில் ‘எதிர்நோக்கு’ என்னும் சொல் வந்தமர்ந்தது. ஒரே சொல் இரண்டு இடத்திற்கும் பொருந்துவதிலிருந்து, பற்றுறுதியும் எதிர்பார்ப்பும் நம் உள்ளத்தில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பது விளங்கும்.

என் பாட்டி நாற்பத்து மூன்று ஆண்டுகள் எதிர்பார்த்தார். எதிர்பார்ப்பது இன்ன நாளில், இன்ன வாசலில், இன்ன உருவில் வரவேண்டும் என்று தானே வகுத்துக்கொண்டு காத்திருக்கும். அது நிறைவேறாவிடில் உடைந்துபோகும். அல்லது உடையாதிருக்க உண்மையைக் காண மறுக்கும். எதிர்நோக்கு அவ்வாறு நிபந்தனை விதிப்பதில்லை. வழி இன்னதென்று அறியாமலே, வாக்களித்தவர்மேல் வைத்த பற்றுறுதியால் அது முன்னோக்கிப் பார்க்கும். ஆகையால் மரணத்தை மரணம் என்று சொல்ல அது அஞ்சுவதில்லை. பாட்டி தம் கடைசி நாட்களில் இந்த இரண்டாவது நிலைக்கு வந்து சேர்ந்தார் என்றே இன்று நான் கருதுகிறேன். பட்டியலில் கணவரின் பெயரைச் சேர்த்த அன்று அவர் கைவிட்டது காத்திருத்தலை, பற்றிக்கொண்டது நம்பிக்கையை.

அழுதல் விசுவாசக் குறைவு என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. மரண வீட்டில் கண்ணீர் வடிப்பவரைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுலடியார் துக்கப்படவே கூடாது என்று கூறவில்லை. நம்பிக்கையற்றோரைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றே கூறினார். தம் நண்பனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு பெருமான் இலாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார் அன்றோ? நம்பிக்கை கண்ணீரைத் தடைசெய்வதில்லை. அந்தக் கண்ணீர் முடிவற்றதன்று என்று மட்டும் அது சொல்கிறது.

யார் பெயரை விடுவது?

இனி, கூறுவதற்கு எனக்கே கூச்சமான ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டியுள்ளது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற சில ஆண்டுகளில், நான் அப்போது சார்ந்திருந்த சபையில் இளைஞன் ஒருவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். நல்ல பாடகன், கடன்சுமையும் மனநோயும் அவனை வருத்தியிருந்தன. அவ்வாண்டு நினைவுப் பட்டியல் ஆயத்தமானபோது, அவன் பெயரைச் சேர்க்கலாகாது என்று மூப்பர் சிலர் கூறினர். தவறான முன்மாதிரியாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று பட்டியலைப் படியெடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. அவன் பெயரை விட்டுவிட்டு எழுதினேன்.

அவனுடைய தாய் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தார். பட்டியல் முடிந்து, மணியும் ஓய்ந்து, போதகர் செபத்தைத் தொடங்குமுன் நிலவிய அமைதியில், அவர் தம் மகனின் பெயரைத் தாமே சொன்னார். உரக்கச் சொல்லவில்லை, எனினும் ஆலயம் முழுவதும் கேட்டது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறு ஆண்டும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் ஆண்டில் புதிதாய் வந்திருந்த போதகர், ஆராதனை முடிந்ததும் பட்டியலை என்னிடம் காட்டி, “அந்தம்மா சொன்ன பேரு இதுல ஏன் இல்லை, சார்?” என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. அடுத்த ஆண்டு அப்பெயர் பட்டியலில் ஏறியது. அது வாசிக்கப்பட்டபோது அந்தத் தாய் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்து கொண்டார், அவ்வளவே. மூன்றாண்டுகளாக ஒரு தாய் தனியே தாங்கிய பாரத்தை அன்றுதான் சபை ஏற்றுக்கொண்டது.

திருச்சபை இவ்வகையில் வளர்ந்து வந்துள்ளது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1917-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, அறிந்தே தம்முயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வெளிவந்த புதிய தொகுப்பில் அத்தகையோரைக் குறிக்கும் அந்தத் தடை இடம்பெறவில்லை. 1992-இன் மறைக்கல்வி நூலோ, அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கூறுகிறது. மனநோயும் தாங்கொணாத வேதனையும் மனிதனின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை.

ஆனால் நான் கற்ற பாடம் சட்டத்தைப் பற்றியதன்று. நினைவுப் பட்டியல் நல்லோருக்கு வழங்கும் பரிசுப் பட்டியலாகிவிட்டால், அது கிறிஸ்தவப் பட்டியலாக இராது. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய குற்றவாளி கேட்டதெல்லாம் தன்னை நினைத்தருள வேண்டும் என்ற ஒன்றே. அவனிடம் காட்டுவதற்கு நற்செயல் ஏதும் இல்லை. அவன் மன்றாட்டு மறுக்கப்படவுமில்லை. அவ்வாறிருக்க, யாரை நினைப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்க எழுதுகோல் பிடித்த எனக்கு என்ன உரிமை?

இதனோடு தொடர்புடைய வேறொரு குறையும் நம்மிடம் உண்டு. இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசவேண்டும் என்ற மரபினால், குடித்துக் குடும்பத்தை வருத்தியவரையும் குறையற்ற குடும்பத் தலைவர் என்று கல்லறையருகே நின்று புகழ்கிறோம். அவரால் அடிபட்ட மனைவியும் மக்களும் அதனைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றனர். பொய்யான புகழுரை இறந்தவரை உயர்த்துவதில்லை. உயிரோடிருப்போரின் துன்பத்தை மட்டும் இல்லையென்று ஆக்கிவிடுகிறது. பாவமன்னிப்பில் விசுவாசம் உள்ளவர்களுக்குப் பொய் தேவையில்லை. “இவர் நல்லது செய்தார், தீங்கும் செய்தார், இரக்கமுள்ள இறைவனின் கையில் இவரை ஒப்படைக்கிறோம்” என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். உள்ளவாறே நினைவுகூர்தலே உண்மையான நினைவுகூர்தல்.

இறைவன் நினைக்கும்போது நாம் ஏன்?

இங்கு வாசகர் ஒரு தடை எழுப்பலாம். “இறைவன் எவரையும் மறப்பதில்லை என்பது உங்கள் விசுவாசமாயின், நீங்கள் பெயர் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் என்ன குறைந்துவிடும்?” என்பதே அது. நியாயமான தடை.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நம் நினைவு இறந்தவரை வாழவைப்பதில்லை. மக்கள் மனத்தில் வாழ்வதே சாகாமை என்று மேடைகளில் முழங்குகிறோம். அது மெய்யாயின், காஞ்சனபுரிக் காடுகளில் பெயரின்றிப் புதைந்த பதினாயிரவரின் கதி என்ன? அவர்களை நினைத்தவர்களும் இன்று மறைந்துவிட்டனர். நினைவே உயிர் எனின், அவர்கள் இரண்டாம் முறையும் செத்தவர்களாவர். புகழ்பெற்றோருக்கு மட்டும் வாழ்வளிக்கும் அந்தச் சாகாமை ஏழைகளுக்கு எட்டாத சாகாமை. கிறிஸ்தவ நம்பிக்கை இதற்கு நேர்மாறானது. மரித்தோரும் இறைவன் முன் உயிரோடிருக்கின்றனர் என்றே இயேசு பெருமான் போதித்தார். ஆகவே நம் பதிவேட்டில் விடுபட்டவன் அவருடைய பதிவேட்டில் விடுபடுவதில்லை. ஆதிக் கிறிஸ்தவர் புதைகாட்டை ‘உறங்கும் இடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அழைத்ததும், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று நாம் இன்றளவும் அறிவிப்பதும் அந்த நம்பிக்கையினாலேயே. வள்ளுவப் பெருந்தகையும் நிலையாமையைப் பேசுங்கால் சாவை உறக்கத்தோடு ஒப்பிட்டார் என்பது தமிழர் அறிந்ததே.

அவ்வாறாயின் நம் கடமை யாது? தலைமையாசிரியனாக நான் ஒன்று அறிவேன். என் பள்ளியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் அதன் தாய் அறிவாள். நான் பெயர் அழைத்துத்தான் அப்பிள்ளை உள்ளதாக ஆகவேண்டும் என்பதில்லை. ஆயினும் நான் அழைக்காமல் விட்டுவிட்டால், அப்பிள்ளையின் முகம் வாடும். மற்றப் பிள்ளைகளும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று கற்றுக்கொள்வர். பெயர் அழைத்தல், ‘நீ எனக்கு ஒரு பொருட்டு’ என்று அறிக்கையிடுவதாகும். மறைந்தோரின் பெயரை வாசிக்கும் சபையும் அவ்வாறே அறிக்கையிடுகிறது. தோட்டத்துத் தொழிலாளியின் பெயரும் துரைமகனின் பெயரும் ஒரே குரலில், ஒரே மணியோசையோடு வாசிக்கப்படுவதைக் கேட்டு வளரும் பிள்ளை, மனிதருள் கழித்துவிடத் தக்கவர் எவருமில்லை என்பதைச் சொல்லித்தராமலே கற்றுக்கொள்ளும். ஒரு சமுதாயம் தன் இறந்தோரை மறக்கப் பழகினால், உயிரோடிருக்கும் எளியோரை மறக்கவும் விரைவில் பழகிவிடும்.

பிற சமய நண்பர்களுக்கும் இது புதிய செய்தியன்று. வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கிய வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். அன்பு மரணத்தோடு முடிந்துவிடுவதன்று என்னும் உணர்வு எல்லாச் சமயத்தவர்க்கும் பொதுவான செல்வம்.

எங்கள் பழைய தோட்டம் இன்று இல்லை. இரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பின்பு அதுவும் போய் வீடமைப்பு வந்தது. ஆலயம் நின்ற இடத்தில் சாலை ஓடுகிறது. கல்லறைகள் தோண்டப்பட்டு, எஞ்சிய எலும்புகள் பட்டணத்து இடுகாட்டிற்கு மாற்றப்பட்டன. பாட்டி காத்திருந்த லயத்தின் சுவடுகூட இல்லை. தாத்தா இன்று வந்தாலும் வழி தெரியாது. பாட்டி தம் நம்பிக்கையை அந்த லயத்தின் வாசலில் வைத்துவிட்டுப் போகாமல், இடிக்க இயலாத ஓரிடத்திற்கு மாற்றிக்கொண்டு சென்றதன் அருமை எனக்கு இப்போதுதான் முழுமையாய் விளங்குகிறது.

ஆனால் பதிவேடு இருக்கிறது. செல்லரித்த அதன் தாள்களைப் புதிய ஏட்டில் படியெடுக்கும் பணியை நானே கேட்டுப் பெற்றுக்கொண்டேன். முன்பு ஒரு பெயரை விட்ட கைக்கு அது தகுந்த தண்டனையும் ஆறுதலும் ஆகும். 1942 முதல் 1945 வரையிலான பக்கங்களில் பதிவுகள் மிகக் குறைவு; எழுத ஆளில்லாத காலம் அது. அவ்விடத்தில், “இக்காலத்தில் சயாமுக்குச் சென்று திரும்பாத நம் சபையார் அனைவரும்” என்று ஒரு வரி சேர்க்கச் சபைக் குழுவிடம் இசைவு பெற்றேன். இப்போது ஒவ்வோராண்டும் அவ்வரியும் வாசிக்கப்படுகிறது. அதற்கும் ஒரு மணி ஒலிக்கிறது.

அன்பர்களே, உங்கள் குடும்பத்திலும் மணி ஒலிக்கப்படாத பெயர்கள் இருக்கக்கூடும். மனவருத்தத்தால் விடுபட்டவை, வெட்கத்தால் மறைக்கப்பட்டவை, செய்தி வராததால் எழுதப்படாதவை எனப் பல இருக்கலாம். பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு அவற்றை எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேட்க அவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழைக்கும் கடமை நம்முடையது. நாம் அழைக்கையில் மறுமொழி நம் செவிக்கு எட்டாதிருக்கலாம். என்றோ ஒருநாள், அனைவரையும் பெயர் சொல்லி அழைக்கவல்ல ஆசிரியர் தம் ஏட்டைத் திறப்பார். அன்று சயாம் காட்டிலிருந்தும், பெயர்ந்துபோன கல்லறையிலிருந்தும், கடைசி இருக்கைத் தாயின் மகனிடமிருந்தும், “உள்ளேன் ஐயா” என்ற குரல் எழும் என்பதே எங்கள் விசுவாசம்.